கருப்பு ஒன்று, கருநீலம் ஒன்று

செப்டம்பர் 22, திங்கட்கிழமை. புரட்டாசி ஆறு. காலை 4.50க்கு எழுந்தேன். 5.05க்குப் பால் காய்ந்தது. 5.20க்கு என் கணவரை எழுப்பினேன், 5.35க்கு இரண்டாவது முறை எழுப்பினேன். 6.10க்கு அவர் ஜோலார்பேட்டை ரயிலைப் பிடிக்கக் கிளம்பினார். ரயில்வேயில் டெக்னீஷியன். 6.40க்குள் சாம்பார் சாதம், பீன்ஸ் பொரியல். 7.25க்குக் கம்பெனி பஸ். இடது பக்கம் மூன்றாவது சீட். முந்தின நாள் மாலை மழை பெய்திருந்ததால், தோல் பதனிடும் ஷெட்டுகளின் வாடை ஈரத்தோடு சேர்ந்து பஸ்ஸுக்குள் வந்தது. ஆம்பூரில் பிறந்தவர்களுக்கு அது வாடை இல்லை, காற்று.

ஆண்டை எழுதவில்லை. அந்த ஷூ கம்பெனியில் எனக்குத் தெரிந்தவர்கள் இன்னும் வேலை செய்கிறார்கள். அவர்களும் நான் வாராவாரம் எழுதும் இந்த இதழை வாங்குகிறார்கள், அல்லது வாங்கியவர்களிடம் இரவல் கேட்டுப் படிக்கிறார்கள்.

அன்று 11.10க்கு எங்கள் ஃபைனல் செக்கிங் பகுதியில் பேச்சு சட்டென்று நின்றது. வெளிநாட்டுக்காரர்கள் சார்பில் சரக்கைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் ஒரு டப்பாவைத் திறந்து, இரண்டு ஷூக்களையும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்திருந்தார். பெண்கள் போடும் மாடல். இடது கால் கருப்பு. வலது கால் கருநீலம்.

அவர் கத்தவில்லை. செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். கத்தியிருந்தால் தேவலை.

எங்கள் சூபர்வைசர் சார்லஸ் டப்பாவுக்குள் இருந்த சீட்டை எடுத்தார். ஜோடி பார்த்தவருடைய சீல் அதில் இருக்கும். "பதினொண்ணு" என்றார்.

பதினொன்று என்றால் நூர்ஜஹான் அக்கா. என் பக்கத்து மேஜை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர்.

"இன்னாக்கா இது? ஒத்தக் கண்ண மூடிக்கினு பாத்தீங்களா?" என்றார் சார்லஸ்.

அக்கா ஷூவை வாங்கிப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். பிறகு ஒரு நொடி என்னைப் பார்த்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"தப்புதான் சார்."

"தப்புதான்னு சொல்லிட்டா ஆச்சா? மொத்த லாட்டையும் பிரிக்கச் சொல்றாரு. ஒரு டப்பால மாறியிருந்தா இன்னொண்ணுலயும் மாறித்தானே இருக்கும்?"

அது உண்மை. ஜோடி பார்க்கும் வேலையில் ஒரே ஒரு தவறு என்பது கிடையாது. இங்கே ஒரு இடது கால் மாறினால், எங்கோ இன்னொரு டப்பாவில் அதன் வலது கால் வேறொருவருடன் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். "இன்னாக்கா, கண்ணு எங்க இருந்துச்சு?" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் சார்லஸுக்குக் கேட்கிற அளவு மெதுவாக.

பகல் 12.30க்கு மேனேஜரின் முடிவு வந்தது. நாளை காலை எட்டு மணியிலிருந்து நூர்ஜஹான் பேஸ்டிங் செக்‌ஷனுக்குப் போக வேண்டும்.

பேஸ்டிங் என்பது ஷூவின் மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் பசை போட்டு ஒட்டுகிற இடம். அங்கே போய் நின்றால் ஐந்து நிமிடத்தில் தொண்டை காறும். அக்காவுக்கு வீசிங். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு அங்கே பதினெட்டு நாள் வேலை பார்த்துவிட்டு, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்குப் பிறகுதான் டாக்டர் சீட்டோடு என் பக்கத்து மேஜைக்கு வந்தார். கைப்பையில் டிபன் டப்பாவை மறந்தாலும் மறப்பார், இன்ஹேலரை மறக்க மாட்டார்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குக்கா. மத்த எடத்துல எல்லாம் ஆளு ஜாஸ்தி. அங்கதான் கம்மி" என்றார் சார்லஸ்.

"பரவால்ல சார். மாஸ்க் போட்டுக்கறேன்" என்றார் அக்கா.

வடக்கு ஜன்னல்

எங்கள் வேலையைக் கொஞ்சம் விளக்கி விடுகிறேன். போன வாரம் பஸ் நேரத்தை ஐந்து நிமிடம் தவறாக எழுதியதற்கு வாணியம்பாடி வாசகர் ஒருவர் கார்டு போட்டிருந்தார். அப்படிப்பட்டவர்கள் இருக்கும்போது எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

ஒரு ஷூவின் இடது காலும் வலது காலும் ஒரே தோலிலிருந்து வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதுதான் கட்டாயம். நிறம், தோலின் ரேகை, மினுமினுப்பு எல்லாம் ஒத்துப்போக வேண்டும். அதைப் பார்க்கிறவர்கள் நாங்கள். மேஜைகள் வடக்கு ஜன்னலை ஒட்டிப் போடப்பட்டிருக்கும். அந்தப் பக்கம் வெயில் நேராக விழாது. காலையிலிருந்து மாலைவரை வெளிச்சம் ஒரே சீராக இருக்கும். வெளிச்சம் சரியில்லை என்றால் தோல் பொய் சொல்லும் என்பார்கள். தோல் பொய் சொல்வதைத்தான் நான் அதுவரை கேள்விப்பட்டிருந்தேன்.

ஆளுக்கு ஒரு எண், ஆளுக்கு ஒரு ரப்பர் சீல். என்னுடையது ஏழு. ஜோடி சரி என்றால் ஒரு துண்டுச்சீட்டில் குத்தி, ஷூவோடு டிரேயில் வைக்க வேண்டும். டிரே அடுத்தடுத்த மேஜைகளைத் தாண்டி, டப்பா போடுகிற பெண்களிடம் போகும். என் டிரே நூர்ஜஹான் அக்காவின் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சீலுக்கு ஒரு விதி உண்டு. யாருடைய சீலையும் யாரும் தொடக் கூடாது. இடையில் வெளியே போனால் சூபர்வைசரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். இந்த விதியைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நான்தான்.

நான்கு கட்டம்

நாட்குறிப்பு எழுதுகிற பழக்கமும் அந்த மேஜையிலிருந்து வந்ததுதான். கம்பெனியில் தினமும் ஒரு ரிப்போர்ட் எழுத வேண்டும். நான்கு கட்டம்: நேரம், வேலை, குறை, காரணம். வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்கவில்லை. ஒரு நீளமான நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வீட்டையும் நான்கு கட்டத்துக்குள் கொண்டுவந்தேன்.

"காலை 7.00. இட்லி. கல் மாதிரி. அரிசி புதுசு." "மாலை 6.20. குழாய்த் தண்ணீர் வரவில்லை. மோட்டார் போடுகிறவர் கல்யாணத்துக்குப் போய்விட்டார்." இப்படிப் பத்தொன்பது வருடம். முதல் இரண்டு கட்டங்களில் என் பெயர் நிறைய வரும். மூன்றாவது, நான்காவது கட்டங்களில் மற்றவர்களின் பெயர் வரும். இதை நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. நடந்ததைத்தான் எழுதினேன்.

என் கணவர் ஒருமுறை அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "இதப் படிச்சா நான் உன்கூட இருபத்தேழு வருஷம் வாழ்ந்தா மாதிரியே இல்லடி. குத்தம் பண்ணிக்கினு இருந்தா மாதிரி இருக்கு" என்றார். அதையும் எழுதி வைத்தேன். குறை: நோட்டைக் கேட்காமல் எடுத்தது.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஒரு வரி சிவப்பு மையில் எழுதுவேன். "ஏழாம் எண்ணில் இந்த மாதமும் ஒரு ஜோடி கூடத் திரும்பவில்லை." ஜூனில் எழுதினேன். ஜூலையில் எழுதினேன். ஆகஸ்டில் எழுதிவிட்டு அடிக்கோடும் போட்டேன்.

கத்திரிக்காய் மாதம்

புரட்டாசி வந்தால் ஆம்பூரில் சத்தமில்லாமல் ஒரு மாற்றம் நடக்கும். எங்கள் தெருமுனை பிரியாணிக் கடையில் அண்டா ஒரு அளவு இறங்கும். "காளான் பிரியாணி கிடைக்கும்" என்று ஒரு அட்டை தொங்கும். கடைக்காரர் அதைத் தொங்கவிடும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். வேறு யாரோ எழுதிக் கொடுத்ததை ஒட்டுகிறவர் போல இருப்பார். பஸ் ஸ்டாண்டில் ஆலங்காயம் பக்கத்து மலையிலிருந்து கூடை கூடையாய்ச் சீத்தாப்பழம் வந்து இறங்கும். மத்தியானம் வெயில் கொளுத்தும்; நான்கு மணிக்கு மேல் வானம் இருட்டும்; கரண்ட் போகும்.

எங்கள் வீட்டில் மாதம் முழுவதும் கவிச்சி கிடையாது. கம்பெனி சாப்பாட்டு மேஜையில் நூர்ஜஹான் அக்கா அந்த ஒரு மாதம் மட்டும் இரண்டு இடம் தள்ளி உட்காருவார். நான் கேட்டதில்லை. அவராகவே செய்வார். ரம்ஜான் மாதத்தில் நான் அவர் எதிரில் தண்ணீர் குடிக்க மாட்டேன். அதற்கு இது பதில் என்று வைத்துக்கொண்டோம். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் எண்ணெய்க் கத்திரிக்காயை எனக்கென்று தனிச் சட்டியில் வதக்கிக் கொண்டுவருவார்.

"புது சட்டிதான், பயப்படாம துன்னு" என்பார்.

"நான் இன்னா பயந்தேன்?"

"நீ டப்பாவ மோந்து பாத்ததப் பாத்தேனே!"

அந்தத் திங்கட்கிழமையும் கத்திரிக்காய் வந்தது. என் கேலியைக் கேட்டு, மேனேஜரின் முடிவையும் கேட்டுவிட்டு, ஒரு மணிக்கு டப்பாவை என் பக்கம் தள்ளினார். நான் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் கம்மி என்று சொன்னதாக அன்றைய குறிப்பில் இருக்கிறது.

சாக்ஸ் விவகாரம்

அன்று மாலை வாணியம்பாடியில் கண் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தேன். எனக்கில்லை, என் கணவருக்கு.

அதற்கு முந்தின வாரம் அவர் வேலைக்குப் போய்விட்டு வந்து, வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் என் முன்னால் நீட்டினார்.

"இது இன்னா கலரு?"

"கருப்பு."

"அது?"

"அதுவும் கருப்பு. இன்னா விளையாட்டு இது?"

"கோமதி, இது கருப்பு, அது நீலம். ஜோலார்பேட்டை பூரா சிரிக்கறான். வெல்டர் மணி, 'வீட்ல ஷூ கம்பெனி, கால்ல இப்படியா'ன்றான்."

எங்கள் வீட்டில் சாக்ஸைத் துவைத்து, ஜோடி பார்த்து, சுருட்டி வைப்பது நான். ஆகவே தவறு இருக்க வாய்ப்பில்லை. இவருக்கு ஐம்பத்து நான்கு வயது. கண்ணில் ஏதோ ஆரம்பித்திருக்கிறது என்று முடிவு செய்தேன்.

"போன வருஷம்தான் ரயில்வே டாக்டரு பாத்தாரு. கலரெல்லாம் சரியாச் சொன்னேன்" என்றார்.

"ரயில்வேல சிவப்பு, பச்சைதான் கேப்பாங்க. கருப்பு, நீலம் கேக்க மாட்டாங்க" என்றேன்.

அவர் சாக்ஸைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். என் பக்கம் சரி என்று ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

கூட வந்தவங்க

5.30க்குக் கம்பெனி விட்டது. அக்கா தன் மேஜையைத் துடைத்து, ஸ்கேலையும் துணியையும் அடுக்கி வைத்துவிட்டுப் போனார். நான் வாணியம்பாடிக்கு பஸ் ஏறினேன். என் கணவர் ஜோலார்பேட்டையிலிருந்து வந்து, கிளினிக் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே தமிழிலும் உருதுவிலும் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமைசாலி. என் கணவரின் கண்ணை இருபது நிமிடம் பார்த்தார்.

"இவருக்கு ஒண்ணும் இல்லம்மா. படிக்க மட்டும் ஒரு கண்ணாடி போதும்."

"கலர் மாறித் தெரியுது டாக்டர்" என்றேன். நான் ஆதாரத்தோடு போயிருந்தேன். பிளாஸ்டிக் கவரில் அந்த இரண்டு சாக்ஸையும் எடுத்துப் போயிருந்தேன். துவைத்து, காயவைத்து.

டாக்டர் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது என்ன கலர்மா?"

"கருப்பு."

"இது?"

"கருப்பு."

டாக்டர் என் கணவரைப் பார்த்தார். இந்த மனிதர் என்னைத் தோற்கடிக்க இருபத்தேழு வருடமாகக் காத்திருந்தவர். அன்றைக்குச் சிரித்திருக்கலாம், உரிமை இருந்தது. அவர் சிரிக்கவில்லை. தன் முன்னால் இருந்த நாற்காலியை இழுத்து என் பக்கம் போட்டார்.

"கூட வந்தவங்க உக்காருங்க" என்றார் டாக்டர்.

இரண்டு கண்ணிலும் புரை. பால் போல வெளுத்துத் தெரிகிற வகை இல்லையாம்; உள்ளே மெதுவாக மஞ்சள் படிகிற வகை. மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல. எழுத்து தெரியும், ஆள் தெரியும், பஸ் நம்பர் தெரியும். அடர்ந்த நீலம் மட்டும் கருப்பாகத் தெரியும். சாயந்திரத்தில் இன்னும் மோசம்.

"ஆபரேஷன் பண்ணிட்டா சரியாயிடும், பயப்படாதீங்க" என்றார் டாக்டர். "நீங்க என்ன வேலை பாக்கறீங்கம்மா?"

என் கணவர் சொன்னார்.

வியாழக்கிழமை, மூன்றாவது கட்டம்

வீட்டுக்கு வரும்போது 7.50. கை கால் கழுவிவிட்டு நோட்டை எடுத்தேன். நேரம்: 11.10. வேலை: லாட் 46 சோதனை. குறை: ஒரு ஜோடி மாறியது. காரணம்: நூர்ஜஹான்.

எழுதி முடித்துவிட்டுப் பார்த்தேன். லாட் 46. அந்த எண்ணை இதற்கு முன்பும் எழுதியிருக்கிறேன் என்று கைக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது. நான்கு பக்கம் பின்னால் போனேன்.

செப்டம்பர் 18, வியாழன். "4.25. நூ. அக்கா கேட் பாஸ் வாங்கிப் போனார். மகளின் கல்லூரி விழா. கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு. தலைப்பு: நேரந்தவறாமை. சார்லஸ் இன்னொரு யூனிட்டுக்குப் போயிருந்ததால் சீலை என்னிடம் கொடுத்தார். 4.30. அக்காவின் மீதி இரண்டு ரேக், லாட் 46, கருப்பும் கருநீலமும், நான் பார்த்தேன். 4.40 மழை. கரண்ட் இல்லை. 4.48 ஜெனரேட்டர். 5.20 முடித்தேன். குறை: இல்லை."

குறை: இல்லை. அதற்குக் கீழே காரணக் கட்டம் காலியாக இருந்தது.

சீலைத் தொட்டது எனக்கு அன்று முழுவதும் ஞாபகம் இருந்தது. பதினொன்று என்று சார்லஸ் சொன்னபோதும் ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த ஜோடி நான் பார்த்த ஜோடியாக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. நான் பார்த்தது சரியாகத்தானே இருக்கும்.

8.15க்கு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, அந்த லாட் நாப்பத்தாறு. அது நான் பாத்தது."

"தெரியும்."

"எப்பத்துலருந்து?"

"சீட்டப் பாத்த ஒடனே. நான் அன்னிக்குப் பாத்தது முச்சூடும் கருப்பு. கருநீலம் கலந்த ரேக்கு ரெண்டும் நீதானே பாத்த."

"அப்புறம் இன்னாத்துக்குத் தப்புதான்னு சொன்னீங்க?"

"பின்ன? என் சீல உன் கையில குடுத்தது யாரு? நீயா புடுங்கின? என் புள்ள பரிசு வாங்கறதப் பாக்கணும்னு ஓடினவ நான். எனக்கு ஒத்தாசை பண்ணப் போயி நீ மாட்டுவியா?"

போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவர்தான் தொடர்ந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. கண்ண எப்ப காட்டப்போற?"

"இன்னிக்குதான் காட்டினேன். ரெண்டுலயும் பொரை. உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"மூணு மாசமாத் தெரியும். பக்ரீத் முடிஞ்சதுலருந்து. உன் டிரே என் மேஜையத் தாண்டித்தானே போவுது? வாரத்துக்கு ரெண்டு ஜோடி, மூணு ஜோடி மாறி இருக்கும். எடுத்து மாத்தி வெச்சிடுவேன். அன்னிக்கு நான் இல்ல. அவ்ளோதான்."

ஜூன், ஜூலை, ஆகஸ்ட். சிவப்பு மையில் எழுதிய மூன்று வரிகளும் கண் முன்னால் வந்தன. சிவப்பு எனக்கு நன்றாகவே தெரியும்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"உன்கிட்டயா? சொல்லியிருந்தா நீ உன் வீட்டுக்காரர இல்ல ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிருப்ப!"

நான் பதில் சொல்லவில்லை. அக்கா சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். "நெஜமாவே இட்டுக்கினு போனியா?" என்றார். பிறகு மறுபடி சிரித்தார்.

சிரித்து ஓய்ந்ததும் குரல் மாறியது. "கேளு. நாளைக்குப் போயி எதுவும் உளறாத. நீ ஆபரேஷன் பண்ணிக்கினு வா. ஒரு மாசமோ ரெண்டு மாசமோ நான் அங்க ஓட்டிக்கறேன். அப்பறம் மேனேஜர்கிட்ட கெஞ்சிக்கலாம். இப்பப் போயி பேஜார் பண்ணாத."

பேசும்போதே நடுவில் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார். "இன்னாக்கா ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. மாடிப்படி ஏறினேன்" என்றார்.

அவர் வீடு தரைத்தளம்.

ஐந்து காரணங்கள்

போனை வைத்துவிட்டு, ஒரு புதுப் பக்கத்தில், சொல்லாமல் இருப்பதற்கான காரணங்களை வரிசையாக எழுதினேன். எனக்கு எதையும் எழுதினால்தான் யோசனை ஓடும்.

ஒன்று: அக்காவே சொல்ல வேண்டாம் என்கிறார். இரண்டு: சொன்னால் சீல் கைமாறிய விஷயமும் வெளியே வரும், அவருக்கும் மெமோ. மூன்று: இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்த மேஜை போய்விடும், கண் சரியானாலும் திரும்பக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. நான்கு: ஆபரேஷன் முடிந்த பிறகு நிதானமாகச் சொல்லலாம். ஐந்து: மாஸ்க் இருக்கிறது.

நல்ல காரணங்கள். கையெழுத்தும் நன்றாக வந்திருந்தது. என் கணவர் படித்துப் பார்த்தார். இந்த முறை நானே கொடுத்தேன்.

"இன்னா சொல்றீங்க?"

"எல்லாம் சரியாத்தான் கீது" என்றார். தட்டில் தோசையைப் பிய்த்தார். "அஞ்சாவது மட்டும், நீயே ஒருக்கா சத்தமாப் படி."

படிக்கவில்லை. நோட்டை மூடிவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால், இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களின் குறையைக் கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். அதில் நான் கெட்டிக்காரி என்று பெயரும் எடுத்தேன். குறை கண்டுபிடிக்கிறவளுடைய குறையை ஒருத்தி தினமும் சத்தமில்லாமல் எடுத்து மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள் என்பது எந்த ரிப்போர்ட்டிலும் வரவில்லை. அதற்கென்று ஒரு கட்டம் நான் போட்டிருக்கவில்லை.

9.30க்குப் படுத்தேன்.

மறுநாள், செப்டம்பர் 23. காலை 4.50க்கு எழுந்தேன். முகம் கழுவவில்லை, பால் வைக்கவில்லை. முதல் வேலையாகச் சார்லஸுக்குப் போன் போட்டேன். முதல் முறை அடித்து ஓய்ந்தது. இரண்டாவது முறை எடுத்தார்.

"அல்லோ… யாரு?"

"சார், நான் கோமதி. ஃபைனல் செக்கிங்."

"இன்னாம்மா, மூணு மணிக்கு…"

"நாலு அம்பத்திமூணு சார்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"சார், அந்த மாறின ஜோடியப் பாத்தது நான். வியாழக்கிழமை நூர்ஜஹான் அக்கா நாலு இருபத்தஞ்சுக்கே போய்ட்டாங்க. கேட்ல நோட்டு இருக்கு, பாத்துக்கலாம். அவங்க சீல நான்தான் குத்தினேன். எனக்கு ரெண்டு கண்ணுலயும் பொரை. நேத்து சாயந்தரம்தான் தெரிஞ்சுது. மூணு மாசமா என் டிரேவுல மாறினத எல்லாம் அவங்கதான் சரி பண்ணி அனுப்பியிருக்காங்க."

கட்டில் கிறீச்சிட்டது. சார்லஸ் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"இத எட்டு மணிக்கு ஆபீஸ்ல சொல்லக் கூடாதாம்மா?"

"எட்டு மணிக்கு அவங்க பேஸ்டிங் உள்ள போய்ட்டிருப்பாங்க சார்."

"ரெண்டு பேருக்கும் மெமோ வரும். தெரியுமில்ல?"

"வரட்டும் சார். மெமோ வந்தா மூச்சு வாங்காது."

அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

"சரி" என்றார். "அக்காவ டேபிள்லயே உக்காரச் சொல்றேன். மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க இன்னிக்கு வந்தாலும் ஜன்னல் பக்கம் வராதீங்க." பிறகு, தூக்கம் முழுவதும் போன குரலில் கேட்டார். "அதெல்லாம் இருக்கட்டும்மா. தீபாவளி வரைக்கும் ஆர்டர் நிக்குது. உங்க ஜோடிய எல்லாம் இனிமே யாரு பாப்பாங்க?"

"மூணு மாசமாப் பாத்துக்கினு இருக்கறவங்களே பாக்கட்டும் சார்" என்றேன்.